ஆலோசனை என்னும் ஆட்சி: வல்லரசின் தலையீடும் ஜொகூர் நாடும்

வலிமை மிக்க ஒரு நாடு தன் எல்லைக்கு அப்பால் நிகழ்வனவற்றில் தலையிடலாமா, அன்றித் தன் வலிமையைத் தன்னகத்தே அடக்கிக்கொண்டு வாளாவிருத்தல் வேண்டுமா என்னும் வினா மிகப் பழையது. திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். பகைமேற் செல்லுமுன் அரசன் எண்ணிப் பார்க்க வேண்டியவை அவை. மேலை நாட்டிலும் இவ்வாராய்ச்சி குறைவன்று. 1821-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், அப்போது அமெரிக்காவின் வெளிவிவகாரப் பொறுப்பிலிருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ், தம் நாடு எல்லா நாடுகளின் விடுதலையையும் வாழ்த்துமேயன்றிப் பகை தேடிக் கடல் கடந்து செல்லாது என்னும் கருத்துப்படப் பேசினார். அவர் பேசி 77 ஆண்டுகளுக்குப் பின், 1898-இல், அதே அமெரிக்கா ஸ்பெயின் நாட்டோடு போர் தொடுத்துப் பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தன் கைக்கொண்டது.

இவ்வினாவைப் பொதுப்படப் பேசினால் விடை கிடைப்பது அரிது. தலையிட வேண்டும் என்பார்க்கும் சான்றுகள் உள்ளன. கூடாது என்பார்க்கும் உள்ளன. ஆதலின் நாம் வாழும் மண்ணின் வரலாற்றையே எடுத்துக்கொண்டு பார்ப்பது நன்று. ஜொகூர் நாடு அதற்கு மிகவும் ஏற்றது.

வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள நீரிணை, பாலம் அமைந்த இடத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ மீட்டர் அகலமே உடையது. அக்கரையில் 1819 முதல் உலகின் மிகப் பெரிய கடல் வல்லரசு குடியிருந்தது. பேராக் நாடோ சிங்கப்பூரிலிருந்து பன்னூறு கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும் 1874-இல் ஆங்கிலேயரின் கைக்குள் முதலிற் சென்றது பேராக். ஜொகூர் 1914 வரை, அதாவது மேலும் 40 ஆண்டுகள், தன் ஆட்சியைத் தானே நடத்தி வந்தது. புலியின் குகை வாயிலில் நின்ற மான் பிழைத்தது. தொலைவில் மேய்ந்தது பிடிபட்டது. இதன் காரணத்தை ஆராய்ந்தால் நம் வினாவுக்கு விடை ஒருவாறு தெளிவாகும்.

முதற்கண், ஆங்கிலேயர் தாமே வகுத்துக்கொண்ட சட்டம் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். 1784-இல் பிட் என்னும் முதலமைச்சர் காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய இந்தியச் சட்டம், நாடு பிடித்தலும் ஆட்சியைப் பரப்புதலும் தம் நாட்டின் விருப்பத்துக்கும் மானத்துக்கும் கொள்கைக்கும் ஒவ்வாதன என்று வெளிப்படையாகவே அறிவித்தது. நல்ல சட்டந்தான். அச்சட்டம் ஏட்டில் இருந்த காலத்திலேயே மைசூரும் மராட்டியமும் கும்பினியின் கையில் வீழ்ந்தன. மலாய் நாட்டிலும் இச்சட்டத்துக்கு முதற் சோதனை ஜொகூர் அரசுரிமை பற்றியே வந்தது.

1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய பின், அங்கிருந்து வெளியேறிய அரச மரபினர் நிறுவியதே ஜொகூர்ப் பேரரசு. ரியாவ், லிங்கா தீவுகளும் பகாங்கும் சிங்கப்பூரும் அதன்பாற்பட்டவை. 1812-இல் சுல்தான் மகமூது காலமானபோது மூத்த மகன் உசேன் மணவினை பற்றிப் பகாங்கில் இருந்தார். அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த புகிசுக் குடியினர் இளையவர் அப்துல் ரகுமானை அரியணையில் அமர்த்தினர். இஃது அரச குடும்பத்து வழக்கு. காலப்போக்கில் அவர்களே தீர்த்துக்கொண்டிருக்கக் கூடியது.

1819 ஜனவரி இறுதியில் ராபிள்ஸ் சிங்கப்பூர்க் கரையில் இறங்கினார். டச்சுக்காரரோடு மோதல் வாராமற் பார்த்துக்கொள்ளுமாறு அவருக்குக் கட்டளை இருந்தது. அப்துல் ரகுமானோ டச்சுக்காரர் பிடியில் இருந்தார். ராபிள்ஸ் என்ன செய்தார்? ரியாவிலிருந்து உசேனை வருவித்து, அவரே உண்மையான சுல்தான் என அறிவித்து, பிப்ரவரி 6-ஆம் நாள் அவரோடும் தெமெங்கோங் அப்துல் ரகுமானோடும் உடன்படிக்கை செய்துகொண்டார். தெமெங்கோங் என்பவர் காவலுக்கும் துறைமுகத்துக்கும் பொறுப்பான பெருந்தலைவர். இளைய சுல்தானின் பெயரே இவருக்கும் இருப்பதால் மாணவர்கள் குழம்புவதுண்டு. சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி, தெமெங்கோங்குக்கு 3,000 வெள்ளி எனப் பேச்சு முடிந்தது. தாம் விரும்புவது வாணிகமே, நிலமன்று என்றே ராபிள்ஸ் எழுதி வந்தார். அதில் பொய் இல்லை எனவே கொள்வோம். ஆனால், ஒரு நாட்டின் அரசன் யார் என்பதை முடிவு செய்துவிட்ட பிறகு நிலம் வேண்டாம் என்பது எவ்வகை அடக்கம்? 

ஐந்தாண்டுகள் கழித்து, 1824 மார்ச் 17-இல், இலண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் அமர்ந்து இப்பகுதியைப் பங்கிட்டுக்கொண்டனர். சிங்கப்பூர் நீரிணைக்குத் தெற்கேயுள்ள தீவுகளில் ஆங்கிலேயர் தலையிடுவதில்லை. தீபகற்பத்தில் டச்சுக்காரர் தலையிடுவதில்லை. இருவரும் தத்தமக்குள் தலையிடாமையை நன்றாகவே கடைப்பிடித்தனர். அவர்கள் அவ்வாறு ஒதுங்கிக்கொண்டதால் பிளவுண்டது ஜொகூர்ப் பேரரசு. அதன் சுல்தான்கள் இருவரில் ஒருவரும் அந்த மேசைக்கு அழைக்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 2-இல் கிராபர்ட், சிங்கப்பூர்த் தீவை முற்றாக எழுதி வாங்கினார். சுல்தான் உசேனுக்கு 33,200 வெள்ளியும் மாதம் 1,300 வெள்ளியும். தெமெங்கோங்குக்கு 26,800 வெள்ளியும் மாதம் 700 வெள்ளியும் விலை. அவர்கள் நாட்டு உள்விவகாரங்களில் தலையிடக் கும்பினி கடமைப்பட்டதன்று என்றும் அதில் ஒரு விதி எழுதப்பட்டது. வேண்டியதைப் பெற்றுக்கொண்டபின் தலையிடாமை எழுத்தாயிற்று என்க.

அவ்விதிக்கு உண்மையான உயிர் வந்தது மலாக்காவை அடுத்த நானிங் என்னும் சிற்றூர்ப் பகுதியிலே. அங்கு விளைச்சலில் பத்திலொரு பங்கு தமக்கு வரியாக வர வேண்டும் எனக் கும்பினியார் கேட்டனர். நானிங் தலைவர் டோல் சாயிது மறுத்தார். 1831-இல் சென்ற சிறுபடை, சாலையில்லாக் காட்டில் தன் பீரங்கிகளையும் இழந்து திரும்பிற்று. மறு ஆண்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட படைவீரர் சென்று வென்றனர். சென்றவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் என்பதை நாம் மறக்கலாகாது. செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன். வரவேண்டிய வரியோ அதற்கு ஈடாகப் பல தலைமுறை தண்டினாலும் போதாது. டோல் சாயிதுக்கு மன்னிப்பும் ஓய்வூதியமும் அளித்து மலாக்காவில் வாழவிட்டனர். இதன்பின் நாற்பதாண்டுக் காலம் உள்நாட்டு மலாய் அரசுகள் பக்கம் தலைவைத்துப் படுக்க ஆங்கிலேய அதிகாரிகள் அஞ்சினர். அறிவுரையும் சட்டமும் செய்யாத வேலையைக் கணக்குப் புத்தகம் செய்தது.

இந்த நாற்பதாண்டு அடக்கம் பற்றி ஒரு சொல். அடக்கமாக இருந்தது அரசு. அதன் குடைக்கீழ் வாழ்ந்த வணிகர் அல்லர். பேராக்கிலும் சிலாங்கூரிலும் ஈயம் தோண்டும் தொழில் பெருகிற்று. லாருட்டில் கீ ஹின், ஹை சான் என்னும் இரு சீனக் கூட்டத்தார் சுரங்கத்துக்காகப் போர் புரிந்தபோது, அவர்களுக்கு வேண்டிய பணமும் படைக்கலமும் பினாங்கிலிருந்தே சென்றன. பின் அவ்வணிகர்களே போரினால் தம் முதல் அழிகிறதென்று அரசிடம் முறையிட்டனர். தலையிடாமைக் கொள்கையைப் புகழ்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தன் துறைமுகத்திலிருந்து துப்பாக்கி ஏற்றிச் செல்லும் கப்பலைத் தடுக்காத அரசு, தான் தலையிடவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

1873 செப்டம்பரில் குடியேற்ற நாட்டமைச்சர் கிம்பர்லி பிரபு, புதிய ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்குக்கு அறிவுறுத்தல் அனுப்பினார். மலாய் அரசுகளில் ஓர் அதிகாரியை அமர்த்துவது தகுமா என்று ஆராய்ந்து அறிவிக்குமாறே அதிற் கண்டிருந்தது. ஜெர்மனி போன்ற பிற வல்லரசு உள்ளே புகுந்துவிடுமோ என்ற அச்சமும் பின்னணியில் இருந்தது. கிளார்க் ஆராயவுமில்லை, அறிவித்துக் காத்திருக்கவுமில்லை. 1874 ஜனவரி 20-இல் பங்கோர்த் தீவருகே கப்பலிலேயே உடன்படிக்கையை முடித்துவிட்டார். அப்போது பேராக்கில் சுல்தானாக இருந்த இஸ்மாயில் அங்கு வரவில்லை. ராஜா அப்துல்லாவே சுல்தான் என ஏற்கப்பட்டார். 1819-இல் உசேனுக்கு நடந்ததே 1874-இல் அப்துல்லாவுக்கும் நடந்தது. உடன்படிக்கையில் ஒப்பமிட ஓர் அரசர் தேவை; ஒப்பமிடுபவரே அரசர்.

அவ்வுடன்படிக்கையின் உயிர்நாடி ஒரு சொல்: ஆலோசனை. பேராக்கில் ரெசிடெண்ட் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் இருப்பார். மலாய்ச் சமயமும் வழக்காறும் நீங்கலாக மற்றெல்லாவற்றிலும் சுல்தான் அவர் ஆலோசனையைக் கேட்க வேண்டும். கேட்டபடி நடக்கவும் வேண்டும். இதில் ஆள்பவர் யார்? சுல்தான் என்றால், அவர் மறுக்க முடியாது. ரெசிடெண்ட் என்றால், அவர் ஆலோசகர் மட்டுமே. குடிகளுக்கு அவர் விடை சொல்ல வேண்டியதில்லை. கைப்பற்றி ஆள்வதாக வெளிப்படையாகக் கூறியிருந்தால், நாடாளுமன்றத்தில் செலவும் பொறுப்பும் பேசப்பட்டிருக்கும். முற்றும் ஒதுங்கியிருந்தால் பேராக் மக்கள் தம் வழக்கைத் தாம் பார்த்துக்கொண்டிருப்பர். இவ்விரண்டுக்கும் இடையே அமைந்த இந்த வழி, அதிகாரத்தை ஒருவரிடமும் பழியை மற்றொருவரிடமும் வைத்தது. இது காலம் எத்தனை ஆண்டு என்பதும் அதில் எழுதப்படவில்லை.

முதல் ரெசிடெண்டாக வந்த பர்ச்சு, வரி தண்டும் உரிமையைத் தலைவர்களிடமிருந்து பறித்தார். கடனடிமை முறையையும் எதிர்த்தார். கடனடிமை கொடியது என்பதில் ஐயமில்லை. அவர் எண்ணத்தில் நன்மையும் இருந்தது. ஆனால் மொழியும் பொறுமையும் இன்றி, ஓராண்டுக்குள் ஒரு நாட்டின் வருவாய் முறையையும் வழக்கத்தையும் ஒருங்கே மாற்ற முற்பட்டார். 1875 நவம்பர் 2-இல் பாசிர் சாலாக்கில் மகாராஜா லேலாவின் ஆட்களால் கொல்லப்பட்டார். இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படைகள் வந்தன. மகாராஜா லேலா 1877 ஜனவரி 20-இல் தூக்கிலிடப்பட்டார். உடன்படிக்கை கையெழுத்தாகிச் சரியாக மூன்றாண்டு. எவரை அரசர் என்று ஏற்றார்களோ அந்த அப்துல்லாவே செய்செல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். போர்ச் செலவு பேராக்கின் கடனாக எழுதப்பட்டது. பின்வந்த ஹியூ லோ என்பவர் மலாய் மொழி அறிந்தவர், அரசவையில் தலைவர்களைக் கலந்து செயற்பட்டவர். அவர் காலத்தில் அமைதி நிலவிற்று. முறை நன்றாயிற்று என்பதைவிட, வந்தவர் நல்லவராக வாய்த்தார் என்பதே பொருந்தும்.

நிற்க. இக்காலமெல்லாம் ஜொகூர் என்ன செய்துகொண்டிருந்தது?

சுல்தான் உசேன் மரபினர் பெயரளவில் அரசராயிருக்க, நாட்டின் உண்மையான ஆட்சி தெமெங்கோங் மரபினரிடம் சேர்ந்தது. தெமெங்கோங் இப்ராகிம் 1840-களில் கட்டா பெர்ச்சா என்னும் மரப்பால் வாணிகத்தைத் தம் கையில் வைத்துச் செல்வம் ஈட்டினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மேலுறையாகப் பயன்பட்டது அது. மிளகும் கம்பீரும் பயிரிடச் சீனரை வரவழைத்து, ஆற்றுக்கு ஓர் ஆவணம் எழுதிக்கொடுத்து, ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவரைப் பொறுப்பாக்கினார். கம்பீர் என்பது வெற்றிலையோடு மெல்லுவதற்கும் தோல் பதனிடுவதற்கும் ஆவது. நம் காசுக்கட்டியை ஒத்தது. ஆற்றுத் தலைவரைக் கங்சூ என்பர். லாருட்டில் பூசலுக்கு இடமான சீனக் குடியேற்றம், ஜொகூரில் எழுத்து மூலமான ஒழுங்குக்குள் வந்தது. 1855-இல் சுல்தான் அலி, கெசாங் பகுதி நீங்கலாக ஜொகூர் முழுவதையும் 5,000 வெள்ளிக்கும் மாதம் 500 வெள்ளிக்கும் தெமெங்கோங்குக்கு விட்டுக்கொடுத்தார். அவ்வாண்டில் தோன்றிய தஞ்சோங் புத்திரி என்னும் குடியிருப்பே 1866-இல் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது.

1862-இல் பொறுப்பேற்ற அபூபக்கர், வல்லரசின் மனத்தை நன்கு படித்தவர். ஆங்கிலம் அறிவார், 1866-இல் இலண்டன் சென்று விக்டோரியா அரசியாரைக் கண்டார், 1868-இல் மகாராஜா என்றும், 1885-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி சுல்தான் என்றும் ஏற்பிசைவு பெற்றார். எந்தக் காரணங்களைக் காட்டி ஆங்கிலேயர் பேராக்கினுள் புகுந்தனரோ, அவற்றில் ஒன்றும் ஜொகூரில் எழாதவாறு பார்த்துக்கொண்டார். சாலை, காவல், நீதிமன்றம், எழுத்துச் சாலை எல்லாம் தாமே அமைத்தார். சிங்கப்பூர் ஆளுநர் ஏதேனும் அழுத்தம் கொடுத்தால், நேரே இலண்டனுக்கு எழுதுவார். 1886-இல் அங்கே தமக்கென ஓர் ஆலோசனைக் குழுவையும் நிறுவினார். ஆளுநர் ஆலோசனை சொல்ல வருமுன் தாமே ஆலோசகர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார்! இதற்கு விலை இல்லாமல் இல்லை. வெளிநாட்டுத் தொடர்பு பற்றிய உரிமையை 1885 உடன்படிக்கையில் விட்டுக்கொடுத்தார். தம் மக்களின் பணம் அரண்மனைக்கும் பயணத்துக்கும் மிகுதியாகச் சென்றது என்று குறை கூறுவாரும் உளர், அது பொய்யன்று.

ஒரு வேடிக்கையான வழக்கும் அவர் நிலைக்கு அரண் செய்தது. இங்கிலாந்தில் ஆல்பர்ட் பேக்கர் என்னும் பெயரோடு அவர் உலவியபோது, திருமணம் செய்வதாக வாக்களித்துத் தவறினார் என ஓர் ஆங்கில மங்கை வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு வந்தது. ஜொகூர் சுல்தான் சுதந்திர அரசர் என்று குடியேற்ற நாட்டு அலுவலகம் எழுதித் தந்த கடிதத்தை ஏற்று, அவரை விசாரிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று ஆங்கில நீதிமன்றமே கூறிவிட்டது. அம்மங்கைக்கு நீதி கிட்டவில்லை என்பது ஒரு புறம். ஜொகூரின் தனியரசுரிமை ஆங்கில நாட்டுச் சட்ட நூலில் ஏறிவிட்டது மற்றொரு புறம். இன்றும் பன்னாட்டுச் சட்டம் கற்போர் இவ்வழக்கைப் படிக்கின்றனர்.

1895 ஏப்ரல் 14-இல் எழுத்து மூலமான அரசியற் சட்டம் ஒன்றை ஜொகூர் பெற்றது. மலாய் அரசுகளில் முதன்முதல் அத்தகைய சட்டம் கொண்டது ஜொகூரே. நாட்டையோ அதன் பகுதியையோ ஐரோப்பிய அரசு எதற்கும் விட்டுக்கொடுக்க அரசருக்கும் உரிமையில்லை என்று அதில் விதி செய்தனர். அபூபக்கர் அவ்வாண்டு ஜூன் 4-இல் இலண்டனில் காலமானார்.

வல்லரசு ஜொகூரில் அடங்கியிருந்ததன் காரணம் இப்போது விளங்கும். அடக்கம் அதன் குணத்தில் இல்லை. தலையிடுவதற்குக் காரணமும் ஆதாயமும் குறைவாக இருந்தன. ஆதாயம் வளர்ந்தபோது அடக்கமும் முடிந்தது. இரப்பர் வந்தது. ஜொகூர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதை 1909-இல் முற்றுப்பெற்றது. 1910-இல் சுல்தான் இப்ராகிம் ஒரு பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றார்; டக்ளஸ் காம்பெல் அப்பதவிக்கு வந்தார். 1914 மே மாத உடன்படிக்கையால் அவர் ஆலோசனை, ரெசிடெண்ட் ஆலோசனையைப் போலவே கட்டாயமாயிற்று. பேராக்கில் குருதியோடு வந்தது இங்கே குருதியின்றி வந்தது. நாற்பதாண்டு இடைவெளியில் ஜொகூர் ஈட்டியது அதுதான்; அது சிறிதன்று.

அந்த இரப்பர்த் தோட்டங்களிலும் இருப்புப்பாதையிலும் உழைத்தவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நானிங்குக்குச் சிப்பாயாகவும் சிகாமாட்டுக்கும் குளுவாங்குக்கும் தோட்டத் தொழிலாளியாகவும் தமிழன் வந்தது, வல்லரசின் கை நீண்ட வழியேதான். தலையீட்டை நாம் வெளியே நின்று எடைபோட முடியாது. அதனால் வந்தவர்களின் பேரப் பிள்ளைகளே நாம். ஆகவே அதனை வெறும் தீமை என்று சொல்ல நமக்கு நா எழாது. நன்மை என்று சொல்லவோ, தோட்ட வரிசை வீடுகளில் மடிந்தவர்களின் நினைவு இடங்கொடாது.

1895-ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்குப் பின் எதிர்பாராத பயன் தந்தது. ஜப்பானியர் தோற்றகன்றபின், 1945 அக்டோபரில் மாக்மைக்கேல் என்னும் தூதர் வந்து, மலாய் அரசுரிமை அனைத்தையும் பிரிட்டிஷ் முடிக்கு மாற்றும் ஆவணத்தில் சுல்தான்களிடம் ஒப்பம் பெற்றார். முதலில் ஒப்பமிட்டவர் ஜொகூர் சுல்தான் இப்ராகிமே. 1946 பிப்ரவரியில் ஜொகூர் மலாய்க்காரர்கள் கூடி, நாட்டை விட்டுக்கொடுக்க அரசருக்கு உரிமையில்லை எனக் கூறும் 1895 சட்டத்தைக் கையிலேந்தி, சுல்தான் அதனை மீறினார் எனக் குற்றஞ்சாட்டினர். சுல்தானும் பின்னர் ஒன்றியத்தை எதிர்த்தார். அவ்வாண்டு மே 11-இல் ஜொகூர் பாரு அரண்மனையில் அம்னோ கட்சி பிறந்தது. 1948 பிப்ரவரி முதல் நாள் மலாயா ஒன்றியம் மறைந்து கூட்டரசு வந்தது. (அந்த ஒன்றியம் தருவதாக இருந்த குடியுரிமை, கூட்டரசில் சுருங்கிற்று, தமிழர் பலருக்கு அதனால் நேர்ந்த இழப்பு வேறொரு கட்டுரைக்கு உரியது.)

இனி, தலையிட்டவர் திரும்புதல் பற்றி. நம் சோழர் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1006-ஐ ஒட்டி நாகப்பட்டினத்தில் கடாரத்தரசர் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தான். இருபதாண்டு கூடச் செல்லவில்லை. 1025-இல் அவன் மகன் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கி அதன் அரசனைச் சிறைப்பிடித்தது. 1068-ஐ ஒட்டி வீரராசேந்திரன், கடாரத்தை வென்று அதன் அரசனுக்கே திருப்பித் தந்ததாகக் கல்வெட்டில் கூறிக்கொள்கிறான். சோழர் இங்கு நிலைத்து ஆளவில்லை. நாம் பெருமையோடு கற்பிக்கும் இப்படையெடுப்பை, கடாரத்து மக்கள் எவ்வாறு கண்டிருப்பர் என்றும் மாணவரைக் கேட்கலாம்.

அண்மைக் காலத்தில், 1971-இல் ஒரு கோடி அளவினரான அகதிகள் வந்து சேர்ந்த நிலையில் இந்தியா வங்காள தேசத்தில் போரிட்டது. டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் முடிந்தது. 1972 மார்ச்சில் படை திரும்பிவிட்டது. அதே இந்தியா 1987 ஜூலையில் அமைதி காக்கவென்று இலங்கைக்குப் படை அனுப்பிற்று. மூன்று மாதத்துக்குள் யாரைக் காக்கச் சென்றதோ அவர்கள் மண்ணிலேயே போர் மூண்டது. 1990 மார்ச்சில் திரும்பியபோது ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட படைவீரர் மாண்டிருந்தனர். ஈழத் தமிழ்க் குடும்பங்கள் இழந்தவற்றை எண்ணிக்கையில் அடக்க இயலாது. முன்னதில் எது முடிந்தால் திரும்புவது என்பது தெளிவாக இருந்தது. பின்னதில் அரசு ஒன்று, போராளிகள் ஒருபுறம், மக்கள் ஒருபுறம் என மூவருக்கும் நடுவே நின்றவர்களுக்கு அது விளங்கவேயில்லை.

ஒரு வல்லரசு, தன்னை அழைத்த அரசு 'போதும்' என்று சொல்லும் ஆற்றலோடு இருந்தாலொழிய, அயல்நாட்டில் கால் வைக்கலாகாது என்பதே எம் கருத்து. இதற்கு மறுப்பாகக் காட்டத்தக்க நிகழ்ச்சியும் ஜொகூரிலேயே உண்டு. ஆயின் ஆராய்ந்தால் அதுவும் இக்கருத்துக்கே துணையாகும். 1964 ஆகஸ்டு 17-இல் இந்தோனேசியப் படையினர் ஏறத்தாழ நூறு பேர் பொந்தியான் கரையில் இறங்கினர். செப்டம்பர் 2-இல் லாபிஸ் வட்டாரத்தில் வானிலிருந்து குதித்தனர். மலேசியா ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு அவையில் முறையிட்டது. கண்டனத் தீர்மானத்தைச் சோவியத்து ரஷ்யா தன் தடை வாக்கால் வீழ்த்திற்று. 1957-ஆம் ஆண்டுத் தற்காப்பு உடன்படிக்கையின்படி மலேசியா கேட்க, பிரிட்டனும் அதன் துணை நாடுகளும் உதவின. லாபிஸ் காடுகளில் இறங்கியோரைத் தேடிப் பிடித்ததில் நியூசிலாந்து வீரர்களுக்கும் கூர்க்காக்களுக்கும் பங்குண்டு. அன்று அடக்கம் போதித்து ஒதுங்கியிருந்தால், அது வலியார் பக்கம் சாய்ந்ததாகவே முடிந்திருக்கும். ஆனால் அழைத்தது தேர்தலால் அமைந்த ஓர் அரசு. கப்பலில் வைத்து முடிசூட்டப்பட்டதன்று. 1966 ஆகஸ்டில் பூசல் ஓய்ந்தது.

1968 ஜனவரியில், இப்பகுதியிலிருந்து 1971 முடிவுக்குள் தம் படைகளைத் திருப்பிக்கொள்வதாகப் பிரிட்டிஷ் முதலமைச்சர் வில்சன் அறிவித்தார். பணமுடையே முதன்மையான காரணம். நானிங்கின் கணக்குப் புத்தகம் மீண்டும் திறக்கப்பட்டது போலும். பழைய உடன்படிக்கைக்கு மாற்றாக 1971 நவம்பரில் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் ஐந்நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இன்றும் இருந்து வருகிறது. மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால் படை அனுப்பியே ஆக வேண்டும் என அதில் இல்லை. ஐந்து அரசுகளும் உடனே ஒன்றுகூடிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதே அதன் கடப்பாடு. 1874-இல் பங்கோரில் எழுதப்பட்ட ஆலோசனை, கேட்டவர் மறுக்க முடியாதது. இங்கே எழுதப்பட்ட ஆலோசனையில் மறுக்கும் உரிமை ஐவருக்கும் உண்டு.